புண்ணோன் பாடிய பண்

போரில் விழுப்புண் பட்டு மனை மீண்ட வீரனைப் பேணும் முறையைப் புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில்கிழார் காட்டுகிறார். மனையில் இரவத் தழையும் வேப்பந் தழையும் செருகப்படுகின்றன. யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, ஆம்பற்குழல் ஊதப்படுகிறது, மணி ஒலிக்கப்படுகிறது, காஞ்சிப்பண் பாடப்படுகிறது, நறும்புகை எழுகிறது. வேந்தனுக்கு உற்ற இடுக்கணைத் தாங்கி நின்ற தலைவனின் புண்ணைக் காக்க வருமாறு ஒருத்தி தன் தோழியை அழைக்கிறாள். புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாதவாறு மனைவி காக்கும் இந்நிலையைத் தொல்காப்பியர் காஞ்சித்திணையில் தொடாக்காஞ்சி என்னும் துறையாக வகுத்தார். புலி பாய்ந்த கணவனின் மார்புப்புண் ஆறுவதற்குக் குறமகளிர் பாடிய பாடலொலியை மலைபடுகடாமும் குறிக்கிறது. புண்ணுக்கு மருந்தோடு பண்ணும் வேண்டும் என்ற தெளிவு பண்டைத் தமிழரிடம் இருந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

இவ்விடங்களிலெல்லாம் ஒரு பொதுமையைக் காணலாம். பாடுவோர் வேறு, புண்பட்டோன் வேறு. அவன் கிடக்கிறான், அவனைச் சூழ்ந்தோர் பாடுகின்றனர். புண்பட்டவனே பாடத் தொடங்கினால் என்ன நிகழும்? அப்புண் மார்பில் அன்றி உள்ளத்தில் இருந்தால் என்ன நிகழும்? இவ்விரு வினாக்களும் பெரும் அளவில் எழுந்த காலம் முதல் உலகப்போரின் காலமே. அக்காலத்தின் ஆங்கிலப் பாவலரும் இசையமைப்பாளருமான ஒருவரின் வாழ்க்கை இவற்றுக்குத் தரும் விடை எளிதானதன்று. ஆயினும் பாடல் புனைவோர் அறிய வேண்டிய விடை அது.

பெயர் பெறாத புண்

1914ஆம் ஆண்டு தொடங்கிய போரில் எறிகுண்டுகளின் வெடிப்புக்கு அருகில் இருந்த வீரர் பலர், உடலில் காயம் ஏதுமின்றியே செயலற்றுப் போயினர். சிலர் பேச்சிழந்தனர், சிலர் பார்வை இழந்தனர், சிலருடைய கைகால்கள் ஓயாது நடுங்கின. இந்நிலையைக் குறிக்கும் 'ஷெல் ஷாக்', அதாவது எறிகுண்டு அதிர்ச்சி, என்ற தொடரை 1915ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையின் வழி மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தியவர் சார்லஸ் மயர்ஸ் என்னும் உளவியலறிஞர். இவர் இசையாய்வாளராகவும் விளங்கியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1898ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழுவினருடன் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்று அம்மக்களின் பாடல்களை ஆராய்ந்தவர். இலங்கையின் வேடர்களைப் பற்றி செலிக்மன் இணையர் 1911ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வேடர்தம் இசை குறித்த இயலை எழுதியவரும் இவரே. மனிதர் ஏன் பாடுகின்றனர் என்று ஆராய்ந்த ஒருவரே, மனிதர் பேச்சிழந்து போன நிலைக்கும் பெயர் தேட நேர்ந்தது.

பெயர் கிடைத்தபின்னும் தெளிவு கிடைக்கவில்லை. பிரித்தானியப் படையில் ஏறத்தாழ 80,000 பேர் இந்நோய்க்கு ஆளாயினர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இது நரம்பின் நோயா, கோழைத்தனத்தின் மறைப்பா என்ற ஐயம் படைத்தலைவர்களை விட்டு நீங்கவில்லை. படையை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகத் தம் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்குப் பிரித்தானிய அரசு மன்னிப்பு வழங்கியது 2006ஆம் ஆண்டில்தான். அவர்களுள் எத்தனை பேர் உள்ளம் நொறுங்கியவர்கள் என்பதை இனி எவரும் எண்ணிச் சொல்ல இயலாது.

அகழியில் பிறந்த பாடல்கள்

ஐவர் கர்னி 1890ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். குளோஸ்டர் பேராலயத்தின் சிறுவர் பாடற்குழுவில் பயின்ற அவர், 1911ஆம் ஆண்டு உதவித்தொகை பெற்று இலண்டனில் உள்ள இராயல் இசைக்கல்லூரியில் சேர்ந்தார். வான் வில்லியம்ஸ், ஹோல்ஸ்ட் முதலியோருக்கு ஆசிரியராயிருந்த ஸ்டான்ஃபர்ட், தம் மாணவர் அனைவரினும் பெரியவராக வளரும் ஆற்றல் கர்னிக்கு உண்டு என்று கருதினார். கற்பிப்பதற்கு மிகவும் அரியவர் என்றும் கருதினார். செவர்ன் ஆறும் அதன் கரைப் புல்வெளிகளும் கோட்ஸ்வோல்டு குன்றுகளும் கர்னியின் உயிரோடு கலந்தவை. தமிழ்க் கவிஞர் ஒருவருக்குக் காவிரி எத்தகையதோ, கர்னிக்குச் செவர்ன் அத்தகையது.

போருக்கு முன்பே அவர் மனநலம் தளர்ந்திருந்தது. 1913ஆம் ஆண்டில் அவர் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குச் சென்று ஓய்வெடுக்க நேர்ந்தது. ஆதலின் கர்னியைப் போர் மட்டுமே அழித்தது என்று கூறுவது பொருந்தாது. நோயின் வித்து முன்னரே இருந்தது; போர் அதனை எவ்வாறு மாற்றியது என்பதே ஆராயத்தக்கது.

1914ஆம் ஆண்டு படையில் சேர முயன்றபோது கண்பார்வைக் குறையால் அவர் ஏற்கப்படவில்லை. 1915ஆம் ஆண்டு மீண்டும் முயன்று குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவில் சாதாரண வீரராகச் சேர்ந்தார். உடலுழைப்பும் ஒழுங்கும் தம் உள்ளத்தை நிலைப்படுத்தும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. வியப்பு என்னவெனில், அந்நம்பிக்கை ஓரளவு நிறைவேறியது. வேளைக்கு உணவும், இடைவிடாத வேலையும், தம் மாவட்டத்துப் பேச்சைப் பேசும் தோழர்களும் சூழ்ந்த படைவாழ்வில் அவர் சில காலம் முன்னினும் நலமாகவே இருந்தார். 1916ஆம் ஆண்டு பிரான்சுக்குச் சென்ற பின்னரும் அவர் இசையை விடவில்லை.

அகழிப்போரின் நடுவே ஒருவர் இசையமைப்பது எவ்வாறு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பியானோ இல்லை, மேசை இல்லை, அமைதி இல்லை. 1916ஆம் ஆண்டு ஆகஸ்டில், கைவிடப்பட்ட சிறுபீரங்கிக் குழி ஒன்றில் அமர்ந்து, மேஸ்ஃபீல்டின் வரிகளுக்குப் 'பை எ பியர்ஸைடு' என்னும் பாடலை அமைத்தார். பாடையருகே நின்று பாடும் பாட்டு அது. 1917ஆம் ஆண்டு ஜனவரியில் தியெப்வாலுக்கு அருகில், தம் நண்பர் வில் ஹார்வியின் கவிதைக்கு 'இன் ஃபிளாண்டர்ஸ்' என்னும் பாடலை அமைத்தார். அப்போது ஹார்வி செருமானியரிடம் போர்க்கைதியாக இருந்தார். அவ்வாண்டு மார்ச்சில் தாமே எழுதிய கவிதைக்குச் 'செவர்ன் மெடோஸ்' என்னும் சிறு பாடலை அமைத்தார். முழுப்பாடலும் முதலில் அவர் செவிக்குள்ளேயே ஒலித்தாக வேண்டும். பின்னரே தாளில் இறங்க வேண்டும். வெளியே பீரங்கி முழங்க, உள்ளே ஒரு மெல்லிய குரலையும் அதற்குரிய பியானோவின் ஒவ்வொரு விரலையும் கேட்டுக்கொண்டிருந்தார் அவர்.

எழுதியவற்றை இலண்டனில் இருந்த மரியன் ஸ்காட்டுக்கு அனுப்பினார். இராயல் இசைக்கல்லூரியில் பயின்ற வயலின் கலைஞரும் இசையறிஞருமான அவர், கர்னியினும் 13 ஆண்டுகள் மூத்தவர். கடிதங்களோடு வந்த கவிதைகளையும் பாடல்களையும் அவர் படியெடுத்துப் பாதுகாத்தார்; திருத்தங்களைக் கேட்டு எழுதினார்; பதிப்பாளரைத் தேடினார். 1917ஆம் ஆண்டு கர்னியின் முதற் கவிதைத் தொகுதி 'செவர்ன் அண்ட் சோம்' வெளிவந்தது. ஒன்று பிறந்த மண்ணின் ஆறு; மற்றொன்று பெரும்போர் நிகழ்ந்த நிலத்தின் ஆறு. இரண்டாம் தொகுதி 1919ஆம் ஆண்டு வெளிவந்தது.

1917ஆம் ஆண்டு ஏப்ரலில் கர்னியின் கையில் குண்டு பாய்ந்தது. செப்டம்பரில் பாஷென்டேல் பகுதியில் நச்சுப்புகைக்கு ஆளாகி, ஸ்காட்லாந்தில் பங்கூர் என்னும் இடத்திலிருந்த போர் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். யேட்ஸின் கவிதை ஒன்றுக்கு அங்கே இசையமைத்தார். ஆனால் களத்தின் இறுக்கம் நீங்கியதும் உள்ளம் தளரத் தொடங்கியது. 1918ஆம் ஆண்டு மார்ச்சில், மறைந்த பேத்தோவனின் ஆவியோடு தாம் உரையாடியதாக மரியன் ஸ்காட்டுக்கு எழுதினார். ஜூனில் தற்கொலை எண்ணம் தோன்றியது. அக்டோபரில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவருடைய நோய் போரால் தோன்றியதன்று, போரால் மிகுந்ததே என்ற கணிப்பின்மீதே ஓய்வூதியம் தரப்பட்டது. 'தோன்றியது', 'மிகுந்தது' என்னும் இரு சொற்களுக்கு இடையிலான வேறுபாடு அலுவலகக் கோப்புகளுக்கு முதன்மையானது, துன்புறுவோனுக்கு அன்று.

கூடிப் பாடியோர்

இதே போரில் மற்றோர் இசையமைப்பாளரின் வழி வேறாக இருந்தது. ரால்ஃப் வான் வில்லியம்ஸ் 42 வயதில் மருத்துவப் படையில் சாதாரண வீரராகச் சேர்ந்து, காயம்பட்டோரை ஏற்றிவரும் பணியில் ஈடுபட்டார். அவருடைய நெருங்கிய நண்பரும் இசையமைப்பாளருமான ஜார்ஜ் பட்டர்வொர்த் 1916ஆம் ஆண்டு ஆகஸ்டில் சோம் போரில் கொல்லப்பட்டார். போர் முடிந்ததும் வான் வில்லியம்ஸ் பிரான்சில் இருந்த முதலாம் படையணியின் இசை இயக்குநராக அமர்த்தப்பட்டார். ஊர் திரும்பும் நாளை எதிர்நோக்கிக் காத்திருந்த வீரர்களைச் சேர்த்து அவர் பாடற்குழுக்களையும் இசை வகுப்புகளையும் வாத்தியக் குழுவையும் அமைத்தார்.

காத்திருத்தல் கொடியது. போர் ஓய்ந்தபின் வரும் வெறுமையில்தான் அடக்கி வைத்த நினைவுகள் தலைதூக்கும். அந்நாட்களில் ஒருவரை மாலைதோறும் குறித்த இடத்திற்கு வரச்செய்து, அடுத்திருப்பவரின் குரலோடு தம் குரலைப் பொருத்தச் செய்வது சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் பாடற்குழுவின் அமைப்பைக் கருதினால் அதன் வலிமை விளங்கும். குழுவில் பாடுவோர் ஒருங்கே மூச்சிழுத்து ஒருங்கே விடுகின்றனர். தம் முறைக்குக் காத்திருக்கின்றனர். தாம் பட்டதைப் பேசும்படி எவரும் அவர்களைக் கேட்பதில்லை. ஆயினும் அவர்கள் தனித்தில்லை. சொல்ல இயலாதோர்க்குச் சொல் வேண்டாத ஒரு கூட்டுறவைப் பாடற்குழு தருகிறது.

வான் வில்லியம்ஸ் தம் துயரையும் இசையாலேயே ஆற்றினார். 1916ஆம் ஆண்டு பிரான்சில், படைக்கொம்பு ஊதுவோன் ஒருவன் மாலையில் பயிற்சி செய்கையில் ஒரு சுரத்தை எட்டமுடியாது தவறிப் பிறிதொரு சுரத்தைத் தொட்ட ஒலி அவர் நினைவில் நின்றது. 1922ஆம் ஆண்டு அரங்கேறிய அவருடைய மூன்றாம் சிம்ஃபொனியின் இரண்டாம் பகுதியில் அத்தவறிய சுரமே தனித்த எக்காளத்தின் நீண்ட ஒலியாக எழுகிறது. இறுதிப் பகுதியில் ஒரு பெண்குரல் சொற்களின்றிப் பாடுகிறது. நாட்டுப்புறக் காட்சிகளின் இசை என்று பலர் கருதிய அப்படைப்பு உண்மையில் போர்க்களத்தின் இரங்கற்பா எனலாம்.

உடற்புண்ணோடு மீண்ட கலைஞர் ஒருவரின் வரலாறும் இங்குக் கருதத்தக்கது. மெய்யியலறிஞர் லுட்விக் விட்கன்ஸ்டைனின் தமையனாரான பால் விட்கன்ஸ்டைன் ஒரு பியானோக் கலைஞர். 1914ஆம் ஆண்டு ஆஸ்திரியப் படையில் போரிட்டு வலக்கையை இழந்து, உருசியரிடம் சிறைப்பட்டு, சைபீரியாவின் ஓம்ஸ்க் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே மரப்பெட்டி ஒன்றைப் பியானோவாகக் கருதி இடக்கை விரல்களால் பயின்றார். 1916ஆம் ஆண்டு வியன்னாவில் ஒரு கையால் வாசித்து மேடையேறினார். பின்னாளில் அவர் வேண்டியதற்கிணங்க ரவேல் இயற்றிய இடக்கைக் கான்செர்ட்டோ 1932ஆம் ஆண்டு அரங்கேறியது. ஓசையெழாத ஒரு பெட்டியின்மீது ஓடிய விரல்கள், இசைத்தல் என்பது கேட்பதற்கு மட்டும் உரியதன்று, வாழ்வைத் தாங்கும் செயலும் ஆகும் என்பதைக் காட்டுகின்றன.

தனித்துப் பாடியவர்

கர்னி 1919ஆம் ஆண்டு இராயல் இசைக்கல்லூரிக்குத் திரும்பினார். இப்போது அவர் ஆசிரியர் வான் வில்லியம்ஸ். அடுத்த மூன்றாண்டுகளில் பாடல்களும் கவிதைகளும் பெருவெள்ளமாகப் பாய்ந்தன. போரில் இறந்தோருக்காக அவர் எழுதிய வாத்திய இசையான 'வார் எலிஜி' 1921ஆம் ஆண்டு கல்லூரியில் ஒலித்தது. ஹவுஸ்மனின் கவிதைகளுக்கு அமைத்த 'லட்லோ அண்ட் டீம்' 1923ஆம் ஆண்டு அச்சேறியது. வெளியிலிருந்து காண்போர்க்கு இது ஒரு கலைஞரின் வெற்றிக்காலம்.

உள்ளே நிகழ்ந்தது வேறு. கர்னியால் ஓரிடத்தில் நிலைக்க இயலவில்லை. இரவெல்லாம் நடந்தார், உணவை மறந்தார். ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார்; திரையரங்கில் பியானோ வாசித்தார்; வரி அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். ஒன்றும் நீடிக்கவில்லை. இசை நின்றுவிடவில்லை, அதனைச் சூழ்ந்திருந்த ஒழுங்கும் தோழமையுமே நின்றுவிட்டன. அகழியில் ஒரு பாடலை எழுதிய இரவின் மறுநாள் விடியலில் அவரை எழுப்ப ஒரு குரல் இருந்தது. போருக்குப் பிந்தைய இரவுகளில் அக்குரல் இல்லை. இசைப்படைப்பு உள்ளத்தைக் காக்கும் என்று பொதுவாகக் கூறுவோர் இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். கட்டுக்கடங்காத படைப்புப் பெருக்கு நலத்தின் அடையாளமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை; நோயின் அடையாளமாகவும் இருக்கலாம்.

1922ஆம் ஆண்டு செப்டம்பரில் குடும்பத்தார் அவரைக் குளோஸ்டரில் உள்ள மனநல விடுதியில் சேர்த்தனர். டிசம்பரில் அவர் டார்ட்ஃபோர்டில் உள்ள இலண்டன் நகர மனநல மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32. எஞ்சிய 15 ஆண்டுகளும் அங்கேயே கழிந்தன. செவர்ன் கரையை அவர் மீண்டும் காணவில்லை. அங்கும் பல ஆண்டுகள் கவிதையும் பாடலும் எழுதினார். தம்மை விடுவிக்குமாறு வேண்டும் முறையீடுகளும் அத்தாள்களில் கலந்தன.

கேட்டலும் இசைத்தலும்

கர்னி டார்ட்ஃபோர்டில் அடைபட்டிருந்த காலத்தில், இசையை மருத்துவத்தின் துணையாக்கும் முயற்சி பிற இடங்களில் மெல்லத் தொடங்கியிருந்தது. போரில் காயம்பட்ட கனேடிய வீரர்களிடையே பணியாற்றிய மார்கரெட் ஆண்டர்டன் என்னும் ஆங்கிலப் பியானோக் கலைஞர் 1919ஆம் ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இசைமருத்துவ வகுப்பு நடத்தினார். அவர் வகுத்த பாகுபாடு குறிப்பிடத்தக்கது. எலும்பும் தசையும் பழுதுற்றோர் தாமே கருவி இசைக்க வேண்டும். போரால் நரம்பு தளர்ந்தோருக்கு இசை வல்லார் இசைத்துக் காட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. முன்னையோர் செய்வோர், பின்னையோர் கேட்போர். காஞ்சிப்பண் பாடிய மகளிரின் நிலையும் இதற்கு நெருங்கியதே. உள்ளம் புண்பட்டவன் தானே பாடலாம் என்ற எண்ணம் இன்னும் வலுப்பெறவில்லை.

இரண்டாம் உலகப்போர் அவ்வெண்ணத்தை வலுப்படுத்தியது. அமெரிக்கப் படைமருத்துவமனைகளில் காயம்பட்டோர் பெருந்தொகையினராகக் குவிந்தபோது, தொண்டர்களாக வந்த இசைக்கலைஞர்கள் படுக்கைகளின் அருகே பாடினர். பின்னர் நோயாளிகளுக்குக் கருவிகளைக் கற்பித்தனர். 1945ஆம் ஆண்டு அமெரிக்கப் போர்த்துறை, மருத்துவமனைகளில் வீரர்களை மீண்டும் இயல்பு வாழ்வுக்கு ஆயத்தம் செய்வதில் இசையைப் பயன்படுத்தும் முறை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. கேட்டலோடு பாடுதலும் கருவி இசைத்தலும் அதில் இடம்பெற்றன. நன்னோக்கம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும் என்பதையும் மருத்துவமனைகள் உணர்ந்தன. ஒரு பாடல் ஒருவருக்கு ஆறுதலாகவும் மற்றொருவருக்குக் களத்தின் நினைவைத் தூண்டுவதாகவும் அமையக்கூடும் அன்றோ? 1944ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் இசைமருத்துவப் பாடத்திட்டம் தொடங்கப்பெற்றது. 1946ஆம் ஆண்டு கேன்சஸ் பல்கலைக்கழகத்தில் தேயர் கேஸ்டன் வகுப்புகளைத் தொடங்கினார். 1950ஆம் ஆண்டு தேசிய இசைமருத்துவச் சங்கம் தோன்றியது. இன்று முதியோர் இல்லங்களிலும் குழந்தைகள் மருத்துவமனைகளிலும் நிகழும் இசைமருத்துவம் ஒரு தொழிலாக உருப்பெற்றதற்குப் போரில் புண்பட்டோரே பெரும் காரணமாயினர்.

வியட்நாம் போரிலிருந்து மீண்டோரின் நீண்ட போராட்டத்திற்குப் பின், 1980ஆம் ஆண்டு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. மயர்ஸ் தேடிய பெயர் வேறொரு வடிவில் ஏற்பளிக்கப்பட 65 ஆண்டுகள் ஆயின. 2007ஆம் ஆண்டு மில்வாக்கி நகரில் வியட்நாம் போர் வீரர் ஒருவரும் அவருக்குக் கித்தார் கற்பித்த ஆசிரியரும் சேர்ந்து முன்னாள் வீரர்களுக்காக 'கித்தார்ஸ் ஃபார் வெட்ஸ்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். அதன் முறை எளிது. ஒருவர் பத்துப் பாடங்களை முடித்தால் ஒரு கித்தார் அவருக்கே உரியதாகும். படைக்கலம் பிடித்துப் பழகிய கை, வேறொன்றைப் பிடிக்கக் கற்கிறது. இடக்கை விரல் நரம்பை அழுத்த, வலக்கை விரல் மீட்ட, செவி அதனைச் சரிபார்க்க, அந்த நேரத்திற்கேனும் நினைவு நிகழ்காலத்தில் நிற்கிறது. அடுத்த வாரம் ஒருவர் தமக்காகக் காத்திருப்பார் என்ற உறுதியும் உடன் கிடைக்கிறது.

இவற்றால் இசை நோயை நீக்கிவிடும் என்று கொள்ளலாகாது. அது மருத்துவர்க்கும் மருந்துக்கும் மாற்றன்று, துணை. துணை என்ற சொல்லைத் தாழ்ந்ததாகக் கருத வேண்டியதில்லை. நோயாளன், மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு உழைச்செல்வானையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக வள்ளுவர் வைத்தார். அருகிருந்து பேணுவோன் இல்லாத இடத்தில் மருத்துவம் நிறைவு பெறுவதில்லை.

டார்ட்ஃபோர்டில் ஒரு பியானோ

கர்னியைக் கைவிடாதவர் சிலர் இருந்தனர். மரியன் ஸ்காட் ஆண்டுக்கணக்கில் அவரைச் சென்று கண்டார். வான் வில்லியம்ஸும் சென்று கண்டார், பொருளும் உதவினார். அராஸ் போர்க்களத்தில் 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் உயிரிழந்த கவிஞர் எட்வர்டு தாமஸின் மனைவி ஹெலன் தாமஸ், 1930களின் தொடக்கத்தில் மரியன் ஸ்காட்டுடன் டார்ட்ஃபோர்டுக்குச் சென்றார். எட்வர்டு தாமஸின் கவிதைகளைக் கர்னி பெரிதும் போற்றியவர். அவற்றுக்கு இசையமைத்து 'லைட்ஸ் அவுட்' என்னும் தொகுப்பாக 1926ஆம் ஆண்டு வெளியிட்டவர்.

அச்சந்திப்பைப் பற்றி ஹெலன் தாமஸ் பின்னர் எழுதி வைத்தார். விருந்தினர் விடைபெறுமுன், கர்னி அவர்களை ஒரு பெரிய கூடத்திற்கு அழைத்துச் சென்று அங்கிருந்த பியானோவை வாசித்தார். சுவரோரப் பலகைகளில் அமர்ந்திருந்த நோயாளர்கள் கேட்டுக்கொண்டிருந்தனர். அகழியில் பியானோ இன்றி அதன் ஒலியைக் கேட்டவர், இப்போது பியானோ இருந்தும் தமக்குரிய அரங்கின்றி அமர்ந்திருந்தார். இக்காட்சியை இசையின் வெற்றி என்றோ தோல்வி என்றோ எளிதில் வகைப்படுத்த இயலாது. இசை அவரை விடுவிக்கவில்லை. ஆயினும் அவர் நோயாளராக மட்டுமே கருதப்பட்ட இடத்தில், அவர் கலைஞராக நின்ற நேரம் அதுவே.

பித்துக்கும் கவித்துவத்திற்கும் உறவு காட்டி மகிழ்வது பாவலர் உலகின் பழைய வழக்கம். கர்னியின் வரலாறு அம்மகிழ்ச்சிக்கு இடம் தருவதாக இல்லை. அவர் பெரும் பாடல்களை எழுதியது நோயால் அன்று, நோயை மீறியே. நோய் இல்லாதிருந்தால் அவர் இன்னும் எத்தனையோ எழுதியிருக்கக்கூடும்.

நண்பர் குழாம்

1930களில் இசையமைப்பாளர் ஜெரால்ட் ஃபின்சி, கர்னியின் பாடல்களை அச்சேற்றும் பணியில் மரியன் ஸ்காட்டுடன் இணைந்தார். தெளிவற்ற கையெழுத்தில் சிதறிக்கிடந்த தாள்களைப் பிரித்து, பாடக்கூடியவற்றைத் தெரிந்தெடுப்பது பல ஆண்டுப் பணியாயிற்று. அச்சுப்படிகள் வந்து சேர்ந்தபோது அவற்றைப் பார்க்கும் நிலையில் கர்னி இல்லை. காசநோயால் அவர் 1937ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் மறைந்தார். உடல் குளோஸ்டருக்கு அருகில் ட்விக்வொர்த் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. ஆற்றின் பக்கமாக அவர் திரும்பியது அப்போதுதான்.

பாடல்களின் முதலிரு தொகுதிகள் 1938ஆம் ஆண்டு வெளிவந்தன. கவிதைகளின் தேர்ந்த தொகுப்பை, அதே போரில் போரிட்ட கவிஞர் எட்மண்ட் பிளண்டன் 1954ஆம் ஆண்டு வெளியிட்டார். 1982ஆம் ஆண்டு கவானாவின் பெருந்தொகுப்பு வந்தது. 1985ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் திறக்கப்பட்ட கல்லில், முதல் உலகப்போரின் கவிஞர் 16 பேருள் ஒருவராகக் கர்னியின் பெயரும் பொறிக்கப்பட்டது. இவை எவையும் தாமே நிகழ்ந்தவை அல்ல. மரியன் ஸ்காட் ஒரு கடிதத்தை எறிந்திருந்தால், ஃபின்சி ஒரு பெட்டியைத் திறவாமல் விட்டிருந்தால், இன்று படிக்கவும் பாடவும் ஒன்றும் இராது. ஓர் இலக்கியக் குழுவின் பணி கூடிக் கவி பாடுவதோடும் ஆண்டுதோறும் மலர் வெளியிடுவதோடும் முடிவதில்லை. தம்முள் ஒருவர் உள்ளம் சோர்ந்து வாராதிருக்கும் நாளில், அவரைத் தேடிச் செல்வதும் அவர் எழுதிய தாள்களைப் பேணுவதும் அக்குழுவின் கடமையே.

ஹெலன் தாமஸ் டார்ட்ஃபோர்டுக்கு மீண்டும் சென்றபோது ஒன்றை எடுத்துச் சென்றார். அவருடைய கணவர் நடைப்பயணங்களில் பயன்படுத்திப் பழகிய குளோஸ்டர்ஷயர் நிலப்படம் அது. அதனைப் படுக்கையின்மீது விரித்தனர். கர்னி தம் விரலால் ஒவ்வொரு பாதையையும் தொட்டுச் சென்றார். தாம் நடந்த ஊர்களையும் குன்றுகளையும் வாயிற்கதவுகளையும் ஒன்றொன்றாக அடையாளம் கண்டார். அந்நேரத்தில் அவர் டார்ட்ஃபோர்டில் இல்லை. தம் ஊரில் நடந்துகொண்டிருந்தார். அவருக்கு உதவியது மருந்தன்று. அவர் எதைப் பாடினார் என்பதை அறிந்த ஒருவர் கொண்டு வந்த தாள்.

அரிசில்கிழாரின் பாடலில் புண்ணோனைக் காக்கத் துணிந்தவள் தனியே பாடிவிடவில்லை. தோழியையும் உடன் வருமாறு அழைத்தாள்.